விழித்திரை மருத்துவரிடம் அனுப்பப்பட்டால்: கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்ணாடிக் கடையிலோ வட்டாரத்துக் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலோ கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெட்டினா டாக்டரைப் பார்த்துவிடுங்கள்" என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தனுப்பினால், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. கண்ணில் கத்தி வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அந்தக் கடிதம் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அல்லது, "இப்போதுதான் நன்றாகத் தெரிகிறதே, மங்கினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடப்படுகிறது. இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது. விழித்திரை அறுவை மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி, இருக்கிற பார்வையைப் போகாமல் காப்பதுதான். போன பார்வையை மீட்பது அவர் கையில் ஓரளவுக்கே இருக்கிறது. ஆகவே அவரிடம் எப்போது போய்ச் சேருகிறோம் என்பது, அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு இணையாகவே முடிவைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கடிதத்தை முதன்முறையாக வாங்கியவர்களையும், அவர்களை அழைத்துச் செல்லப்போகும் மகன் மகள்களையும் எண்ணியே இதை எழுதுகிறேன். கோலாலம்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்தில் வைத்து எழுதினாலும், பினாங்கில் இருப்பவர்களுக்கும் நடைமுறை பெரிதாக மாறாது. நம்மவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்குக் காரணம் வெளிப்படையானது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. விழித்திரைக் கிளினிக்குகளின் காத்திருப்பு அறையில் தமிழ்ப் பேச்சு அடிக்கடி காதில் விழுவதற்கு இதுவே முதற்காரணம்.

முதலில், இவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடைத்தொகுதியில் பார்வையை அளந்து கண்ணாடிக்கு எழுதித் தருபவர் ஒப்டோமெட்ரிஸ்ட். நோய் இருக்கலாம் என்று ஐயுற்று உரிய இடத்துக்கு அனுப்புவது அவர் பணி. ஊசியும் லேசரும் அவர் போடுவதில்லை. கண்புரையை எடுத்து வில்லை வைப்பவர் கண் மருத்துவ நிபுணர். விழித்திரை அறுவை மருத்துவரும் அதே நிபுணர் பயிற்சியை முழுமையாக முடித்தவர்தான். அதற்கு மேல், கண்ணின் பின்பாதிக்கென்றே தனியாகச் சில ஆண்டுகள் பயின்றவர். அந்தப் பின்பாதியில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, ஒளியை வாங்கி மூளைக்கு அனுப்பும் விழித்திரை. அதன் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். மற்றொன்று, விழிக்கோளத்தின் உள்ளே நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்னும் தெளிவான கூழ். சுமார் 4 மில்லிலிட்டர் அளவுள்ள இது பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் இருக்கும். விழித்திரையின் நடுவே மாக்குலா என்ற சிறு பகுதி உள்ளது. முகம் பார்ப்பதும், எழுத்து வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்தச் சிறு பகுதியால்தான். மருத்துவர் பேசும்போது "மாக்குலா" என்ற சொல் வந்தால், அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் ஒருவர் இந்த நிலைக்கு வர எடுக்கும் காலத்தைக் கூட்டிப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். மருத்துவப் பட்டம் 5 ஆண்டுகள். மருத்துவமனையில் பெறும் ஹவுஸ்மேன் என்ற கட்டாயப் பயிற்சி 2 ஆண்டுகள். அதன்பின் மருத்துவ அதிகாரியாகச் சில ஆண்டுகள். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கண் மருத்துவ முதுகலை 4 ஆண்டுகள், அல்லது பிரிட்டிஷ் ராயல் கல்லூரிகளின் தேர்வுகள். அதற்கும் பிறகே விழித்திரைக்கான ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி. கடைசிக் கட்டத்தில் ஒரு பகுதியை லண்டன், சென்னை, மதுரை போன்ற நகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகளில் கழித்து வருபவர்களும் உண்டு. பள்ளியை விட்டு வெளியேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் தனியாக நின்று அறுவை செய்ய ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகிவிடும். மருத்துவம் படிக்கும் பிள்ளையை "எப்போது ஸ்பெஷலிஸ்ட் ஆவாய்" என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்கும் உறவினர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் பார்க்கப்போகும் மருத்துவரின் தகுதியைச் சரிபார்ப்பது எளிது. நாட்டில் நிபுணராகப் பணிபுரிய மலேசிய மருத்துவ மன்றத்தின் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2017 ஜூலை முதல் இது கட்டாயம். பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். பதிவேட்டில் பெயர் இருப்பது அடிப்படைத் தகுதியை மட்டுமே காட்டும். எனவே நேரில் பார்க்கும்போது, "டாக்டர், விழித்திரைக்கான சிறப்புப் பயிற்சியை எங்கே முடித்தீர்கள், இந்த வகை அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. அரசாங்கப் போதனா மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர் ஒருவர் மூத்தவரின் மேற்பார்வையில் அறுவையின் ஒரு பகுதியைச் செய்யக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. பக்கத்தில் மூத்தவர் நிற்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டால் போதும்.

இன்றே போக வேண்டுமா, தேதி வரும்வரை காத்திருக்கலாமா

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால், இதை வாசியுங்கள்.

வயது ஐம்பதைத் தாண்டும்போது விட்ரியஸ் கூழ் சுருங்கி விழித்திரையிலிருந்து விலகுவது இயற்கை. விலகும்போது சிலருக்குக் கண்முன் கொசுவோ நூலோ மிதப்பது போலத் தெரியும். இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டும். பெரும்பாலோருக்கு இது அத்துடன் நின்றுவிடும். ஆனால் இவ்வாறு திடீரென்று அறிகுறி தோன்றியவர்களில் பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்று அதிகமானோருக்கு, கூழ் இழுத்த இழுப்பில் விழித்திரை கிழிந்திருக்கும். அந்தக் கிழிசல் வழியாக நீர் புகுந்தால் விழித்திரை பின்சுவரை விட்டுப் பிரியத் தொடங்கும். அப்போது பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து கரிய திரை இறங்குவது போல் இருக்கும். வலி சிறிதும் இருக்காது. நாளை பார்க்கலாம் என்று ஆளை ஏமாற்றுவது இந்த வலியின்மைதான். கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ளவர்கள், கண்ணில் பலத்த அடி பட்டவர்கள், ஏற்கெனவே மற்றொரு கண்ணில் விழித்திரை பிரிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

கிழிசலாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், கிளினிக்கிலேயே லேசர் வைத்து அதைச் சுற்றி அடைத்துவிட முடியும். அன்றே வீட்டுக்கு வரலாம். பிரிந்துவிட்டால் அறுவை அரங்கம்தான். அங்கேயும், மாக்குலா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, அதுவும் பிரிந்துவிட்டதா என்பதே பெரிய கேள்வி. ஒட்டியிருந்தால் பொதுவாக ஓரிரு நாளுக்குள் அறுவை செய்ய முனைவார்கள், ஏனெனில் அப்போது வாசிக்கும் பார்வையைக் காப்பாற்றலாம். மாக்குலாவும் பிரிந்துவிட்டால் சில நாள் அவகாசம் இருக்கிறது என்றாலும், திரும்பக் கிடைக்கும் பார்வை முன்பிருந்த அளவுக்கு வருவது அரிது. ஆகவே புதிதாக மின்னல், திடீரென்று ஏராளமான கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை ஆகிய மூன்றில் எது வந்தாலும் கடிதம், தேதி எதற்கும் காத்திராமல், கண் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முகப்பில் வெறுமனே "கண் மங்கல்" என்று சொன்னால் பலநாள் மங்கலோடு சேர்த்து வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "நம்பாக் கிலாட், பாஞ்ஞாக் பிந்திக் ஹித்தாம், மாச்சாம் லாங்சிர்" (மின்னல் தெரிகிறது, நிறையக் கரும்புள்ளிகள், திரை போல) என்று மலாயில் அறிகுறியைச் சொல்லி, எப்போது தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். தாதியர் உடனே புரிந்துகொள்வார்கள்.

நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு இதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்வது. சர்க்கரை மிகுந்த இரத்தம் விழித்திரையின் நுண்குழாய்களை நலியச் செய்கிறது. சில இடங்களில் குழாய் கசிந்து மாக்குலா வீங்குகிறது. சில இடங்களில் குழாய் அடைபட்டு, பட்டினி கிடக்கும் திசு புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லிச் சமிக்ஞை விடுகிறது. அப்படி வளரும் புதுக்குழாய்கள் மிகவும் மெல்லியவை. அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் நிரம்பும். தழும்பாகிச் சுருங்கினால் விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதுகூட ஒருவர் நாளிதழ் வாசித்துக்கொண்டிருக்க முடியும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நோய் கண்டறியப்பட்ட உடனேயே ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் கண் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான். கருவுற்ற நீரிழிவுப் பெண்களுக்கு முதல் மூன்று மாதத்திலேயே பார்க்க வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை, இன்சுலினாலோ இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளுடைட் ஊசியாலோ வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை சில காலம் மோசமாகக்கூடும். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தொடங்குமுன் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்திலிருந்து தேதிக்கு

அரசாங்க வழி என்றால், கிளினிக் கெசிஹாத்தான் தரும் பரிந்துரைக் கடிதத்துடன் மருத்துவமனையின் கண் நிபுணர் கிளினிக்கில் தெமு ஜஞ்ஜி, அதாவது சந்திப்புத் தேதி, வாங்க வேண்டும். கோலாலம்பூர் மருத்துவமனை, பத்துமலைக்கு அருகிலுள்ள செலாயாங் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவை இப்பகுதியில் பெரியவை; பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் அது அரசாங்க மருத்துவமனை அன்று, இலாப நோக்கற்ற தனியார் மருத்துவமனை; பினாங்கில் ஜார்ஜ்டவுனிலுள்ள பினாங்கு மருத்துவமனை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருமுன், அதில் எழுதியிருக்கும் நோயின் நிலையை முகப்பில் உள்ளவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதியை முன்னே தள்ளுவதும் பின்னே தள்ளுவதும் அந்த ஒரு வரிதான். கொடுத்த தேதி மிகத் தொலைவில் இருந்து, இடையில் பார்வை மாறினால், அந்தத் தேதி இனிச் செல்லாது என்று எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள்.

தனியாரில் அதே வாரம் பார்த்துவிடலாம், செலவுதான் வேறு. ஒருமுறை பார்க்க ஆகும் கட்டணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். விழித்திரை நோய்க்கு ஊசியும் பரிசோதனையும் பல மாதங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். ஓர் ஆண்டுக்கு எவ்வளவு ஆகலாம் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால், நோயாளி தங்காமல் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு அது பணம் தருமா என்பதையும் விசாரியுங்கள். தனியாரில் தொடங்கிப் பணம் தீர்ந்து நடுவழியில் நிறுத்துவதைவிட, தொடக்கத்திலிருந்தே அரசாங்க மருத்துவமனையில் பொறுமையாகத் தொடர்வது மேல் என்பது என் கருத்து.

சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுபோய்க் காட்டலாமா என்ற பேச்சு நம் குடும்பங்களில் தவறாமல் எழும். எழுவதற்கு நியாயம் உண்டு: 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்தும், விழித்திரை அறுவை மருத்துவரான டாக்டர் பத்ரிநாத் 1978இல் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் உலகறிந்தவை. நிலையாக இருக்கும் நோய்க்கு இரண்டாவது கருத்துக் கேட்கப் போவதில் தடையில்லை. விழித்திரை பிரிந்திருக்கும்போது மட்டும் விமானச் சீட்டு தேடிக்கொண்டிருக்காதீர்கள். போகிற நாளில் மாக்குலாவும் பிரிந்துவிடலாம். அங்கே அறுவை முடித்துக் கண்ணுக்குள் வாயு வைத்துவிட்டால், அது கரையும்வரை வாரக்கணக்கில் விமானம் ஏற முடியாது. கோலாலம்பூரில் பயன்படுத்தும் கருவிகளும் அங்கே பயன்படுத்துபவைதான்.

முதல் நாள் நடப்பவை

அரை நாளை ஒதுக்கிவைத்துவிட்டுப் போங்கள். கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: மைக்கார்டு (அடையாள அட்டை), கடிதம், எல்லா மருந்துகளும் அவற்றின் உறையோடு, அண்மைய எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) முடிவு, சிறுநீரகம் பற்றிய இரத்தப் பரிசோதனை, பழைய கண்ணாடி. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாகவே நிறுத்தாமல், சாப்பிடுவதாகச் சொல்லுங்கள். வாகனம் ஓட்டிப் போகாதீர்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டபின் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குப் பக்கத்துப் பொருள் மங்கும், வெயில் கூசும். கோலாலம்பூர் மருத்துவமனைக்கு எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு கிளானா ஜெயா எல்ஆர்டியில் யுனிவர்சிட்டி நிலையம். வாகன நிறுத்தத்துக்கு அலைவதைவிட இது நிம்மதி. ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் பையில் இருக்கட்டும்.

முதலில் எழுத்துப் பலகையில் பார்வையை அளந்து, கண் அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு சொட்டு மருந்து, சற்று எரியும், கண்மணி முழுமையாக விரிய இருபது முப்பது நிமிடம் ஆகும். அடுத்து ஓசிடி ஸ்கேன்: ஒரு சிறு குறியை உற்றுப் பார்த்தபடி சில விநாடி அசையாமல் இருந்தால், விழித்திரையின் குறுக்குவெட்டு அடுக்கடுக்காகத் திரையில் வந்துவிடும். தொடுவதுமில்லை, வலிப்பதுமில்லை. மாக்குலாவில் நீர் கோத்திருந்தால் அந்தப் படத்தில் கரிய குமிழ்களாகத் தெரியும். படத்தை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மகிழ்ச்சியுடன் காட்டுவார்கள், அடுத்த முறை வரும்போது நீர் வடிந்திருக்கிறதா என்று நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகுதான் மருத்துவர். தலையில் விளக்கு பொருத்திய கருவியை மாட்டிக்கொண்டு, விரல்களுக்கிடையே ஒரு வில்லையைப் பிடித்து, உங்கள் கண்ணுக்கு முன் கொண்டுவருவார். மேலே பாருங்கள், வலப்பக்கம் மேலே, வலப்பக்கம், கீழே என்று சுற்றிலும் பார்க்கச் சொல்வார். விழித்திரையின் ஓரங்களில் ஒளிந்திருக்கும் கிழிசலைத் தேடுவது அப்படித்தான். சில நேரம் இமைமேல் ஒரு சிறு உலோக முனையை வைத்து மெல்ல அழுத்துவார். அசௌகரியம்தான், ஆனால் அந்த அழுத்தத்தில்தான் கடைக்கோடி ஓரமும் பார்வைக்கு வரும். ஒளி தாங்க முடியாத அளவு பளீரென்று இருக்கும். முடிந்தபின் சில விநாடி எதுவுமே தெரியாது, பிறகு நிறம் மாறித் தெரிந்து சரியாகிவிடும். முதியவர்கள் இதில் பயந்துவிடுவதுண்டு, முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. தேவைப்பட்டால் கையில் ஃப்ளோரசின் சாயம் செலுத்திக் குழாய்களைப் படம் எடுப்பார்கள். ஒரு நாள் தோல் மஞ்சளிக்கும், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். மஞ்சள் காமாலை என்று பதறாதீர்கள். ஒவ்வாமை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவர் சொல்லக்கூடிய சிகிச்சைகள்

சில சமயம் "இப்போது ஒன்றும் வேண்டாம், நான்கு மாதம் கழித்து வாருங்கள்" என்பதே தீர்ப்பாக இருக்கும். இது அலட்சியம் அன்று. அந்த நான்கு மாதத்தைத் தவறவிடுவதுதான் அலட்சியம்.

மாக்குலா வீங்கியிருந்தால் இன்று முதல் தேர்வு பெரும்பாலும் கண்ணுக்குள் போடும் ஊசி. அவாஸ்டின், லூசென்டிஸ், ஐலியா, வாபிஸ்மோ என்று பெயர்கள் கேட்பீர்கள். அவாஸ்டின் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து. கண்ணுக்குப் பயன்படுத்துவது மருத்துவரின் தீர்மானத்தின்பேரில், விலை மற்றவற்றைவிடப் பெரிதும் குறைவு. "கண்ணுக்குள்ளேயா ஊசி?" என்று கேட்காதவர் இல்லை. மரப்புச் சொட்டு விட்டு, அயோடின் கரைசலால் துடைத்து, இமை மூடாதபடி சிறு கம்பி வைத்து, கருவிழியின் ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் அளவு தள்ளி, 0.05 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்துவார்கள். ஊசி இறங்குவது சில விநாடி. நோயாளிகள் அதிகம் முறையிடுவது அயோடின் எரிச்சலைப் பற்றித்தான். ஒரே ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதம் ஒன்று என்று போட்டு, பிறகு இடைவெளியை நீட்டுவார்கள். கிருமித் தொற்று சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கு நேரக்கூடியது. ஊசி போட்ட சில நாளுக்குள் கண் சிவந்து, வலித்து, பார்வை குறைந்தால் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

புதுக்குழாய்கள் முளைத்துவிட்டால் விழித்திரையின் ஓரப்பகுதி முழுவதும் லேசர் வைப்பார்கள். 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், இச்சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது. லேசரால் பார்வை தெளிவாகாது. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையவும் செய்யும். "லேசர் வைத்தும் தெரியவில்லை" என்று அடுத்த அமர்வுக்குப் போகாமல் நிற்பவர்கள் ஏராளம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். நடுப்பார்வையைக் காக்க ஓரத்தை விட்டுக்கொடுக்கும் சிகிச்சை இது.

அறுவை என்றால் உள்ளே என்ன நடக்கிறது

விழித்திரை பிரிந்தால் குருடுதான் என்றிருந்த காலம் நூறாண்டுக்கு முன்தான் மாறியது. கிழிசலை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்பதை 1920களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனான் நிறுவினார். கண்ணுக்குள் நுழைந்து விட்ரியஸையே வெட்டி எடுக்கும் விட்ரெக்டமியை 1970இல் மயாமியில் ராபர்ட் மக்கமர் தொடங்கியபோது, அதற்கு 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திறப்பு வேண்டியிருந்தது. இன்று பரவலாகப் பயன்படும் 25 கேஜ் கருவியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். பெரும்பாலும் தையலே தேவைப்படுவதில்லை.

மூன்று துளைகள். ஒன்றில் கண்ணின் அழுத்தம் குறையாதபடி நீர் ஏறிக்கொண்டே இருக்கும், ஒன்றில் ஒளிக்குழல், ஒன்றில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை வெட்டும் கட்டர். மருத்துவரின் இரு கைகளும் கண்ணுக்குள், இரு கால்களும் மிதிகளில்: ஒன்று நுண்ணோக்கியை ஏற்றி இறக்க, மற்றொன்று கட்டரின் வேகத்தையும் உறிஞ்சுதலையும் கட்டுப்படுத்த. மாக்குலாவில் ஓட்டை விழுந்தவர்களுக்கு, விழித்திரையின் மேற்பரப்பில் சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வுக்கு நீலச் சாயமேற்றி, நுண்ணிய கிடுக்கியால் ஓர் ஓரத்தைக் கிள்ளித் தூக்கி, வட்டமாக உரித்தெடுப்பார்கள். பதினைந்து ஆண்டுப் பயிற்சியின் பெரும்பகுதி இந்தக் கை நடுங்காமைக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்துக்கும்தான் போகிறது. பலருக்கு மரப்பு ஊசி மட்டுமே; விழித்தே இருப்பீர்கள். இருமல் வருமென்றால் முன்பே சொல்லுங்கள், கை காட்டி எச்சரிக்காமல் இருமாதீர்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ எகிறியிருந்தால் அன்றைய அறுவையையே தள்ளிவைப்பார்கள் என்பதால், அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே கவனம் தேவை.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மாக்குலா ஒட்டியிருக்கிறதா, எதிர்பார்க்கக்கூடிய பார்வை எவ்வளவு, முடிவில் வாயு வைப்பீர்களா, சிலிக்கோன் எண்ணெய் வைப்பீர்களா, மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு என்ன. வழக்கமான விழித்திரைப் பிரிவு ஒரே அறுவையில் ஒட்டிக்கொள்வது பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு. மீதிப் பேருக்கு மீண்டும் அரங்கம். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு விட்ரெக்டமிக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் கண்புரை வருவது ஏறக்குறைய உறுதி. இதைச் சொல்லாமல் விட்டால் "அறுவையால் கண் கெட்டது" என்ற பேச்சு பின்னால் வரும்.

வீட்டுக்கு வந்த பின்

வாயு வைத்திருந்தால் பார்வை முதலில் மங்கலாகவே இருக்கும். பிறகு மேலிருந்து ஒரு கோடு நாள்தோறும் கீழிறங்கும். வாயுவின் வகையைப் பொறுத்து அது இரண்டு வாரத்தில் கரையலாம், எட்டு வாரம் வரையும் ஆகலாம். அதுவரை விமானம் ஏறக்கூடாது. உயரம் கூடக்கூட வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறும் என்பதால் மலையேற்றமும் ஆகாது: 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கெந்திங்குக்குப் பேரப்பிள்ளைகள் கூப்பிட்டாலும் வேண்டாம், கேமரன் மலையும் வேண்டாம். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்து அறுவை செய்துகொண்டவர்கள் பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் இரயிலில் திரும்பலாம். அந்தக் காலத்தில் பல்லுக்கோ வேறெதற்கோ மயக்கம் கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு கலந்தால் பார்வையே போகக்கூடும். சிலிக்கோன் எண்ணெயில் இந்தத் தடைகள் இல்லை, ஆனால் சில மாதம் கழித்து அதை எடுக்க மற்றோர் அறுவை வேண்டும்.

எப்படிப் படுக்க வேண்டும் என்பதை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வார். வாயு மேலெழும், கிழிசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாக்குலா ஓட்டை என்றால் சில நாள் முகங்குப்புற. அந்த நாள்களில் மேசையில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்து உட்காரலாம். தேநீரை உறிஞ்சுகுழலால் குடிக்கலாம். மடியில் கைத்தொலைபேசியை வைத்துப் படம் பார்க்கலாம். கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும் என்பதால், வீட்டில் ஒருவர் மணிக்கொருமுறை சில நிமிடம் எழுப்பி நடக்கவிட வேண்டும்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்துங்கள். திருநீறு நெற்றியில் பூசும்போது தூள் கண்ணில் விழாமல் வேறொருவர் பூசிவிடட்டும். கனம் தூக்குதல், காவடி, பால்குடம் ஆகியவற்றை அந்த ஆண்டு விட்டுவிடுங்கள்; பத்துமலையின் 272 படிகளை எப்போது ஏறலாம் என்பதை மறுபரிசோதனை நாளில் கேட்டுக்கொள்ளலாம். சொட்டு மருந்துகளுக்கு நேரம் எழுதிய தாளை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவது முதியவர்களுக்கு உதவும். வலி கூடுவது, வாந்தி, பார்வை திடீரென்று குறைவது, திரை மீண்டும் இறங்குவது ஆகியவை ஏற்பட்டால் தேதிக்குக் காத்திராமல் போக வேண்டும். மற்றொரு கண்ணையும் முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள்; நீரிழிவு இரண்டு கண்ணையும் சேர்த்தே பாதிக்கும், ஒரு கண்ணில் விழித்திரை பிரிந்தவர்களுக்கு அடுத்ததிலும் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

எல்லாம் செய்தும் பார்வை போதிய அளவுக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவரிடம் கேட்க இன்னும் ஒன்று உண்டு: குறைபார்வைக் கிளினிக்குக்கு ஒரு கடிதம், சமூகநலத் துறையில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கான விண்ணப்பத்தில் ஒரு கையொப்பம். பிரிக்ஃபீல்ட்சில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கமும், பினாங்கில் செயிண்ட் நிக்கலஸ் இல்லமும் பெரிய வயதில் பார்வை குறைந்தவர்களுக்கு நடமாட்டப் பயிற்சியும் அன்றாட வேலைகளுக்கான பயிற்சியும் தருகின்றன. விழித்திரைக் கிளினிக்கின் கடைசித் தேதிவரை காத்திராமல், ஊசியும் லேசரும் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே பெயர் கொடுத்துவிடலாம்.